உறைபனியில் மோட்டார் சைக்கிள்: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

பருவம் பார்த்துக் கொள்முதல் செய்யத் தெரியாதவர் மளிகைக் கடை நடத்த முடியாது. தீபாவளிக்கு வேண்டிய சரக்கை ஆவணியிலேயே பேசி வைக்கிறோம். மழைக்காலம் வருமுன் சர்க்கரை மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறோம். புதுப் புளி எப்போது வரும், மிளகாய் விலை எப்போது இறங்கும் என்பதை விரல்நுனியில் வைத்திருக்கிறோம். இந்தப் பழக்கம் வணிகர்களுக்கு மட்டும் உரியதன்று. உலகின் வடகோடியில், கடும் குளிர்காலத்தில், மோட்டார் சைக்கிளில் பயணம் போகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர்கள் கணக்கு தவறினால் நட்டம் பணத்தோடு நிற்காது. விரல் போகலாம், உயிரும் போகலாம்.

இதை நம் இதழில் எழுதக் காரணம் உண்டு. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஐரோப்பிய நாடுகளில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். "விடுமுறையில் மோட்டார் சைக்கிளில் பனியைப் பார்க்கப் போகிறேன்" என்று அவர்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. நாம் எதைக் கேட்க வேண்டும், அவர்கள் எதைத் தயார் செய்திருக்க வேண்டும் என்பது நமக்கும் தெரிந்திருப்பது நல்லது. அதற்காக நார்வே நாட்டின் நோர்ட்காப் பயணத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அங்கே வண்டியோட்டிப் போய்த் திரும்புவதைப் பெரிய சாதனையாக ஐரோப்பிய மோட்டார் சைக்கிள்காரர்கள் கருதுகிறார்கள்.

நோர்ட்காப் எங்கே இருக்கிறது?

நோர்ட்காப் என்றால் வடக்கு முனை என்று பொருள். நார்வேயின் வட எல்லையில், மாகெரோயா என்ற தீவில், கடலிலிருந்து 307 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை மேடு அது. பூமத்திய ரேகையிலிருந்து 71 டிகிரி வடக்கே உள்ளது. நம் சென்னை 13 டிகிரியில் இருப்பதை நினைத்துப் பார்த்தால் தூரம் புரியும். உண்மையில் அதே தீவில் உள்ள க்னிவ்ஷெலொடன் என்ற தாழ்ந்த முனை இதைவிடச் சற்று வடக்கே நீண்டிருக்கிறது. ஆனால் அங்கே நடந்துதான் போக முடியும். சாலை போய் முடிகிற இடம் நோர்ட்காப்தான்.

1664ஆம் ஆண்டு பிரான்செஸ்கோ நெக்ரி என்ற இத்தாலியப் பாதிரியார் வெறும் ஆவலால் இங்கே வந்தார். நோர்ட்காப்புக்கு வந்த முதல் சுற்றுலாப் பயணி என்று அவரைச் சொல்வார்கள். மேடு வரை சாலை வந்தது 1956இல். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே 1999இல் கடலுக்கடியில் சுரங்கப்பாதை திறந்தார்கள். அதன் நீளம் ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர், ஆழம் கடல் மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர். முதலில் சுங்கம் வசூலித்தார்கள். 2012 முதல் கட்டணம் இல்லை.

வணிகர்கள் அனுப்பிய மூன்று கப்பல்கள்

இந்த முனைக்குப் பெயர் வந்த கதை வணிகர்களுக்கு உரியது. 1553இல் லண்டன் வணிகர்கள், தலைக்கு 25 பவுன் பங்கு போட்டு, 6,000 பவுன் முதல் திரட்டி மூன்று கப்பல்களை அனுப்பினார்கள். வடக்குக் கடல் வழியாகச் சீனாவுக்கு ஒரு வியாபாரப் பாதை கிடைக்குமா என்று பார்ப்பது நோக்கம். சர் ஹ்யூ வில்லோபி தலைவர்; ரிச்சர்ட் சான்சலர் துணைத் தலைவர். கப்பல்கள் பிரிய நேர்ந்தால் வார்டோ என்ற நார்வே துறைமுகத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

நினைத்தபடியே புயல் வந்து பிரித்தது. சான்சலரின் கப்பல் வார்டோ போய்ச் சேர்ந்து ஏழு நாள் காத்திருந்தது. மற்றவர்கள் வரவில்லை. அவர் மேலே பயணம் செய்து வெள்ளைக் கடலை அடைந்து, தரை வழியாக மாஸ்கோ போய் ரஷ்ய மன்னர் நான்காம் இவானைச் சந்தித்தார். அதன் பலனாக 1555இல் மஸ்கோவி கம்பெனி என்ற வணிக நிறுவனம் சாசனம் பெற்றது. வழியில் நார்வேயின் வடகோடியைக் கண்டு அதற்கு வடக்கு முனை என்று பெயரிட்டவர்கள் இந்தக் கப்பலில் வந்தவர்களே.

வில்லோபியின் இரண்டு கப்பல்களும் திசை தவறிக் கோலா தீபகற்பத்தின் ஆளில்லாத கரையில் செப்டம்பரில் ஒதுங்கின. குளிர்காலத்தை அங்கேயே கழிப்பது என்று முடிவு செய்தார்கள். 1554 ஜனவரியில் வில்லோபி உயிரோடு இருந்ததற்கு அவர்கள் விட்டுச் சென்ற தாளே சாட்சி. பிறகு ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த கோடையில் ரஷ்ய மீனவர்கள் கப்பல்களைக் கண்டபோது உள்ளே சடலங்கள் மட்டுமே இருந்தன. குளிரும் நோயும் கொன்றன என்று சிலர் சொல்வார்கள். குளிருக்குப் பயந்து கப்பலின் திறப்புகளை எல்லாம் அடைத்துவிட்டு உள்ளே அடுப்பு மூட்டியதால் எழுந்த நச்சு வாயு கொன்றது என்று வேறு சிலர் சொல்வார்கள்.

அதே முதல், அதே கடல், அதே ஆண்டு. ஒரு கப்பல் வியாபாரத்தைத் திறந்தது. இரண்டு கப்பல்கள் அழிந்தன. குளிர்காலத்தை எங்கே, எப்படிக் கழிப்பது என்ற ஏற்பாடு இருந்ததும் இல்லாததுமே பெரிய வேறுபாடு. இன்று மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது குளிர்காலப் பயணிகளின் முதல் விதிகளில் ஒன்று.

எந்த மாதம் போவது?

முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். நோர்ட்காப்பில் நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் கொஞ்ச நேரம் விடியற்காலைபோல நீல வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். பிப்ரவரி நடுவில் பகல் சுமார் 7 மணி நேரம். மார்ச் 20 வாக்கில் நம்மூரைப் போலவே 12 மணி நேரம். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை உள்ள மூன்று வாரங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாலையில் பனி இறுகிக் கிடக்கும், பகலும் போதுமான அளவு இருக்கும். இரவில் வானம் தெளிந்தால் வடதிசை ஒளியும் தெரியும். பச்சை நிறத்தில் திரைச்சீலைபோல வானத்தில் அசையும் அந்த ஒளியை ஆராய, அல்டா ஊருக்கு அருகே ஹால்டே மலையில் 1899இல் கிறிஸ்டியான் பிர்க்கெலான் என்ற அறிஞர் ஆய்வுக்கூடம் அமைத்தார். பிற்காலத்தில் நார்வே அரசு தன் 200 குரோன் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. 2017இல் வந்த புதிய 200 குரோன் நோட்டில் காட் மீனின் படம் இருக்கிறது. கடல் வாணிபத்துக்கு அந்த நாடு தருகிற மரியாதை அது.

அடுத்து குளிர். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் நார்வேயின் கடலோரம் அவ்வளவு வடக்கே இருந்தும் உறைவதில்லை. துறைமுகங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கடலோர ஊர்களில் குளிர்காலச் சராசரி பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி மட்டுமே கீழே. உள்நாட்டுக்குள் நுழைந்தால் கதை வேறு. காராஷோக் என்ற ஊரில் 1886 ஜனவரி 1ஆம் தேதி பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் நார்வேயின் மிகக் கடுமையான குளிர். எனவே வழி வகுக்கும்போது தூரம் குறைவு என்று உள்நாட்டுச் சாலையைத் தேர்ந்தெடுப்பவர் குளிரை அதிக விலை கொடுத்து வாங்குகிறார். கடலோரச் சாலையில் குளிர் குறைவு. ஆனால் காற்றும் புயலும் அதிகம். இரண்டில் எது தமக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஆஸ்லோ தலைநகரிலிருந்து நோர்ட்காப் சுமார் 2,000 கிலோமீட்டர். முதல் முறை போகிறவர் அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டியதில்லை. வடக்கே உள்ள டிரோம்சோ நகரிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து அல்டாவுக்கு இரண்டு இடங்களில் படகில் வண்டியை ஏற்றிக் கடந்தால் சுமார் 300 கிலோமீட்டர். கடற்கழிகளைச் சுற்றிச் சாலையிலேயே போனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கூடும். அல்டாவிலிருந்து தீவில் உள்ள ஹோனிங்ஸ்வோக் ஊர் சுமார் 210 கிலோமீட்டர். அங்கிருந்து நோர்ட்காப் சுமார் 35 கிலோமீட்டர்.

வரைபடத்தில் பார்த்தால் இது நம்மூரில் இரண்டு நாள் ஓட்டம். அங்கே அப்படிக் கணக்கிடக் கூடாது. இறுகிய பனியின்மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை கால் சூடேற நிற்பது, பெட்ரோல் போடுவது, முகக் கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் சேர்ந்தால் சராசரி 40 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். பகல் 7 மணி நேரம் என்றால் அதில் ஓட்டத்துக்கு 5 மணி நேரம் எடுக்கலாம். மீதி 2 மணி நேரத்தைத் தொடக் கூடாது, அது கையிருப்பு. ஆக நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர்தான் கணக்கு. டிரோம்சோவிலிருந்து அல்டா போக ஸ்டோர்ஸ்லெட் போன்ற ஓர் ஊரில் இரவு தங்க வேண்டும். அல்டா முதல் ஹோனிங்ஸ்வோக் வரை ஒரு முழு நாள். நோர்ட்காப்புக்கு ஒரு நாள். திரும்பி வரவும் அதே நாட்கள். இதற்குமேல் புயலுக்காக மூன்று நாள் சும்மா ஒதுக்கி வைக்க வேண்டும்.

அந்த மூன்று நாளைத்தான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். விமான டிக்கெட் தேதி நெருங்குகிறதே என்று மூடுபனியிலும் புயலிலும் புறப்படுகிறவர்கள் இவர்கள்தான். வட்டி கட்டும் தேதிக்காக அடிமாட்டு விலைக்குச் சரக்கைத் தள்ளிவிடுகிற வியாபாரியின் நிலைதான் அது.

வண்டியும் டயரும்

பெரிய எஞ்சின் வேண்டும் என்பது தவறான எண்ணம். பனியில் கனமான வண்டி சாய்ந்தால் தனி ஆள் தூக்க முடியாது. கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றும்படியான, மிதமான எடையுள்ள வண்டியே ஏற்றது. பக்கத்தில் பெட்டி இணைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் இன்னும் நல்லது. அது வழுக்கினாலும் விழாது, சாமானும் ஏற்றலாம்.

உயிரைக் காப்பது டயர்தான். குளிர்காலத்துக்கென்று மென்மையான ரப்பரில் செய்து, சிறு உலோக ஆணிகள் பதித்த டயர் வேண்டும். நார்வேயின் வட மாவட்டங்களில் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஆணி டயருக்குச் சட்டம் அனுமதி தருகிறது. ஜெர்மனியில் ஆணி டயருக்குத் தடை உண்டு. எனவே ஜெர்மனியிலிருந்து சொந்த வண்டியில் போகிறவர் சாதாரண டயரில் துறைமுகம் வரை ஓட்டி, கப்பலில் ஏறி, நார்வேயில் இறங்கிய பிறகுதான் ஆணி டயரை மாட்ட வேண்டும். யார் மாட்டித் தருவார், பழைய டயரை எங்கே விட்டு வைப்பது என்பதையும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். வாடகை வண்டி என்றால், ஆணி டயரோடு குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் தருகிறவர்கள் மிகச் சிலரே. மாதக்கணக்கில் முன்னால் எழுதிக் கேட்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெய் குளிரில் பாகுபோல இறுகாத இலகு ரகமாக இருக்க வேண்டும். சாதாரண ஈய அமில பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதிச் சக்தியை இழந்துவிடும். ஆதலால் பழைய பேட்டரியை நம்பிப் போகக் கூடாது. இரவில் கழற்றி அறைக்குள் வைப்பவர்களும் உண்டு. தென் பகுதியில் சாலைக்கு உப்பு போடுவார்கள். அந்த உப்புநீர் செயினையும் பிரேக்கையும் அரித்துவிடும். தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பெட்ரோல் இந்தக் குளிரில் உறையாது என்பது ஓர் ஆறுதல். டேங்க் பாதியாகும்போதே நிரப்பிவிடுவது நல்லது. அடுத்த பங்க் எவ்வளவு தூரத்தில் என்பதையும் அது திறந்திருக்குமா என்பதையும் நம்பி ஓட்டக் கூடாது.

உடலின் சூடே முதல்

குளிர்நாட்டில் ஒரு மனிதன் கையில் வைத்திருக்கும் முதல் அவன் உடலின் 37 டிகிரி சூடு. லாபம் எவ்வளவு வந்தாலும் முதலில் கை வைத்தால் கடை நிற்காது. இங்கேயும் அதே கதைதான்.

ஓட்டுகிறவருக்குக் குளிரைவிடக் காற்று பெரிய எதிரி. வெப்பமானி பூஜ்ஜியம் காட்டும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 9 டிகிரிபோல இருக்கும். வெப்பமானி மைனஸ் 10 காட்டினால் தோலுக்கு மைனஸ் 23. மோட்டார் சைக்கிள்காரர் தம் வேகத்தாலேயே இந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். ஆகவே கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூன்று இடங்களிலும் காற்று புகாமல் மூடுவது முதல் வேலை.

நமக்குப் பழக்கமான பருத்தி பனியன் அங்கே ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடல் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் சூட்டைத் தேக்கும் தடித்த கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத உடுப்பு என்று மூன்று அடுக்கு வேண்டும். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் விறைக்கும். தலைக்கவசத்தின் கண்ணாடி இரட்டை அடுக்காக இருந்தால் மூச்சுக்காற்று படிந்து மறைக்காது. கடலடிச் சுரங்கத்தில் நுழையும்போது வெளிக்குளிரிலிருந்து திடீரென்று ஈரமான காற்றுக்குள் போகிறோம். அங்கே 9 சதவீதச் சரிவில் இறங்கும்போது கண்ணாடி மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடலின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. அதன் அறிகுறிகள் நடுக்கம், கை தடுமாற்றம், பேச்சு குழறுதல், காரணமில்லாத எரிச்சல். இதில் மோசமானது எதுவென்றால், குளிர் ஏற ஏற மூளையும் மந்தமாகிவிடும். "எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் 20 கிலோமீட்டர்தானே" என்று அவரே சொல்வார். கல்லாவில் இருப்பவர் தூங்கிக்கொண்டே கணக்கு எழுதுவதுபோலத்தான் அது. ஆதலால் எப்போது நிற்பது என்ற முடிவை வெயிலும் வெளிச்சமும் இருக்கும் காலையிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு 45 நிமிடத்துக்கும் ஒரு நிறுத்தம். விரல் உணர்விழந்தால் உடனே நிறுத்தம். நடுக்கம் வந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. உணர்விழந்த விரலைப் பனியால் தேய்ப்பது பழைய தவறான பழக்கம். தேய்க்காமல் மெல்லச் சூடேற்ற வேண்டும்.

சூடாக இருக்கட்டும் என்று மது அருந்துவதும் தவறு. அது தோலுக்கு இரத்தத்தை ஓட்டி, உள்ளே உள்ள சூட்டை வெளியே விட்டுவிடும். சட்டமும் கடுமை. நம் நாட்டில் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை என்பது வரம்பு. நார்வேயில் 20 மில்லிகிராம்தான். பிளாஸ்கில் சூடான சூப்பு, கொழுப்பும் இனிப்பும் கலந்த தின்பண்டம், அடிக்கடி தண்ணீர் ஆகியவையே உடலுக்குத் தகுந்த எரிபொருள்.

மின்சாரத்துக்கும் வரவு செலவு

சூடேறும் மேல்சட்டை, சூடேறும் கைப்பிடி, சூடேறும் கையுறை எல்லாம் இப்போது கிடைக்கின்றன. எல்லாமே வண்டியின் மின்சாரத்தில் ஓடுபவை. ஓர் உதாரணம் பார்ப்போம். வண்டி 300 வாட் உற்பத்தி செய்கிறது. விளக்கு, எஞ்சின் தேவைக்கு 150 வாட் போய்விடும். நார்வேயில் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். அதை அணைத்து மிச்சம் பிடிக்க முடியாது. மீதி 150 வாட். சட்டைக்கு 80, கைப்பிடிக்கு 35, கையுறைக்கு 30 என்றால் 145 ஆகிவிட்டது. இதற்குமேல் தொலைபேசிக்கு ஒன்று, காலுறைக்கு ஒன்று என்று செருகினால் பேட்டரி தேயத் தொடங்கும். மாலையில் எஞ்சினை நிறுத்தினால் மறுநாள் காலையில் கிளம்பாது. மெதுவாக ஓட்டும்போது உற்பத்தியும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. வரவுக்கு மேல் செலவு வைத்தால் கடையானாலும் வண்டியானாலும் ஒருநாள் நின்றுவிடும்.

சுமை, சாலை, தாள்கள்

சுமை கட்டுவதில் நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கனமானது கீழே, நடுவில். அவசரத்துக்கு வேண்டியது மேலே. உலர்ந்த கையுறை ஒரு ஜோடி, உலர்ந்த காலுறை ஒரு ஜோடி, நீர் புகாத பையில் எப்போதும் தனியே இருக்க வேண்டும். கைத்தொலைபேசியை உடுப்புக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். வெளியே வைத்தால் குளிரில் அதன் பேட்டரி இறங்கிவிடும். அவசர எண்கள்: தீயணைப்பு 110, காவல் 112, ஆம்புலன்ஸ் 113. சாலை திறந்திருக்கிறதா என்று கேட்க 175.

வட நார்வேயில் பல இடங்களில் சாலையும் வயலும் ஒரே வெள்ளையாக இருக்கும். ஓரத்தில் நட்ட உயரமான கம்புகளே சாலையின் எல்லை. ரெயின்டீர் மான்கள் கூட்டமாகச் சாலையில் நிற்கும். ஓரத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால், அருகே மான் கூட்டம் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

தாள்களைப் பொறுத்தவரை, இந்தியாவிலிருந்து போகிறவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் 2001 முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. மருத்துவத்துக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு மோட்டார் சைக்கிள் விபத்துக்கும் பொருந்துமா என்பதைப் பொடி எழுத்து உட்பட வாசித்துப் பார்க்க வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பனியில் ஓட்டிப் பழகாதவர் நேரே நோர்ட்காப் போகக் கூடாது. ஐரோப்பியர்களே முதலில் சிறிய அளவில் பழகுகிறார்கள். ஜெர்மனியின் பவேரியக் காட்டில் ஆண்டுதோறும் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் 'யானைகள் சந்திப்பு' என்ற குளிர்கால மோட்டார் சைக்கிள் கூட்டம் நடக்கிறது. 1956இல் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற பத்திரிகையாளர் தொடங்கி வைத்தது. பச்சை யானை என்று செல்லப்பெயர் பெற்ற சுண்டாப் வண்டியிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வைக்கோலை விரித்துப் பனியில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். சுற்றிலும் ஆட்கள் இருக்கும் இடத்தில் நம் உடுப்பும் வண்டியும் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க அது நல்ல பள்ளிக்கூடம்.

கடைசி 13 கிலோமீட்டர்

இவ்வளவும் சரியாகச் செய்து ஹோனிங்ஸ்வோக் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனிதான் பெரிய சோதனை. ஸ்கார்ஸ்வோக் கிளைச்சாலையிலிருந்து நோர்ட்காப் வரையான கடைசி 13 கிலோமீட்டரில் குளிர்காலத்தில் யாரும் தனியே போக முடியாது. தடுப்புக் கம்பம் போட்டிருப்பார்கள். குறித்த நேரத்தில் பனி வாரும் வண்டி முன்னே போக, மற்ற வண்டிகள் வரிசையாகப் பின்னே போக வேண்டும். நடுவில் முந்தக் கூடாது, திரும்பக் கூடாது, வண்டியை விட்டு இறங்கிப் போகக் கூடாது. போதிய எரிபொருளும் கதகதப்பான உடையும் இல்லாதவரை, அந்த வானிலைக்குத் தகாத வண்டியை, வரிசையில் சேர்க்க மறுக்கும் அதிகாரம் வரிசைத் தலைவருக்கு உண்டு. காற்று கடுமையாக இருந்தால் இரண்டு சக்கர வண்டியைத்தான் முதலில் நிறுத்துவார்கள். புயல் என்றால் வரிசையே கிடையாது, சாலை மூடியிருக்கும்.

ஆயிரம் மைல் வந்தவருக்கு அங்கே திரும்புவது கசக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தடுப்புக் கம்பத்தை முன்பே தம் திட்டத்தில் எழுதி வைத்திருப்பவர் கலங்க மாட்டார். ஊருக்குள் திரும்பி அறை எடுப்பார். ஒதுக்கிய மூன்று நாளில் ஒன்றைச் செலவு செய்வார். மறுநாள் 175க்குப் பேசிப் பார்ப்பார். மூன்று நாளும் திறக்கவில்லை என்றால் வண்டியைத் தெற்கே திருப்புவார். வண்டியை விட்டுவிட்டு, வரிசையில் போகும் பேருந்தில் ஏறி நோர்ட்காப் பார்த்து வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு பயணம் சொன்னால், கோபப்படாமல் உட்காரவைத்து இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம், அதில் எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறாய்?

2. டயர் என்ன டயர்? எங்கே மாட்டப் போகிறாய்?

3. வண்டி கிளம்பாவிட்டால் அன்று இரவு எங்கே தங்குவாய்?

4. எத்தனை நாளைச் சும்மா ஒதுக்கியிருக்கிறாய்?

5. எந்த நிலை வந்தால் திரும்பி வருவாய்? அதைத் தாளில் எழுதியிருக்கிறாயா?

ஐந்துக்கும் தயங்காமல் பதில் வந்தால் ஆசீர்வதித்து அனுப்பலாம். ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். பனி அங்கே ஆண்டுதோறும் பெய்கிறது.